கத்தியைக் கீழே போட்ட சிறுமி

கத்தி மிகச் சின்னது. பென்சில் சீவக்கூடப் போதுமா என்று சந்தேகம் வரும். 1991இல் ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாரா வரைந்த 'கையில் கத்தியுடன் சிறுமி' என்ற படத்தில், பெரிய தலையும் சின்ன உடம்புமாக ஒரு குழந்தை நின்று நம்மை முறைக்கிறது. இந்தக் கத்தியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நாரா பொம்மை போன்ற அதன் அளவைத்தான் சுட்டிக்காட்டினார். குழந்தையைச் சுற்றிப் பெரியவர்கள் இதைவிடப் பெரிய கத்திகளோடு நிற்பதாகத் தான் நினைப்பதாகவும் சொன்னார்.

அந்தப் பெரியவர்கள் படத்தில் எங்கே? தலை ஏன் அவ்வளவு பெரிது, கால் ஏன் அவ்வளவு சிறுத்துப்போயிற்று என்று யோசித்தால் விடை கிடைக்கும். பக்கத்தில் நிற்கும் குழந்தையைக் குனிந்து பார்க்கிறவருக்கு அது அப்படித்தான் தெரியும். அதன் கருவிழிகளும் மேல்நோக்கியே செருகியிருக்கின்றன. ஆக, படத்தில் இல்லாத அந்தப் பெரிய ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான். அழகான குழந்தை என்று சொல்லிக்கொண்டே கிட்டே போனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிற குறும்பு இது.

நாரா 1959இல் ஜப்பானின் வடபகுதியில், அவோமோரி மாகாணத்து ஹிரோசாக்கியில் பிறந்தவர். பனிக்கும் ஆப்பிளுக்கும் பேர்போன ஊர். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போக, பள்ளி விட்டு வந்த பையன் காலி வீட்டில் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தான். மிசாவாவில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தின் ஒலிபரப்பு அங்கே தெளிவாகக் கேட்டது. பாட்டின் மொழி புரியாது. அதனால் இசைத்தட்டின் உறையே அவனுக்குப் பாடப்புத்தகம் ஆயிற்று. ஒரு முழம்கூட இல்லாத சதுர அட்டையில் ஒரு முகம், பின்னால் ஒரே நிறம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருக்கும் பாட்டு முழுவதையும் அந்த முகம் சொல்லியாக வேண்டும். நாராவின் சிறுமி நிற்கும் விதத்தைப் பாருங்கள்: மரமில்லை, வீடில்லை, தரைகூட இல்லை. பலர் இதை மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைப் பாணி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அவர் அதை ஏற்பதில்லை. படக்கதைகளைவிடக் குழந்தைகளுக்கான சித்திரப் புத்தகங்களும் இசைத்தட்டு உறைகளுமே தன்னை வளர்த்தவை என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. மங்காவில் ஒரு கட்டம் அடுத்த கட்டத்துக்கு நம்மை இழுத்துப் போகும். இந்தச் சிறுமிக்கு அடுத்த கட்டமே கிடையாது.

ஐச்சியில் ஓவியப் படிப்பை முடித்துவிட்டு 1988இல் ஜெர்மனிக்குப் போனார். டுசல்டார்ஃப் கலைக்கழகத்தில் ஏ. ஆர். பென்க் அவருக்கு ஆசிரியர். தாளில் கோடு போடுகிற அதே தைரியத்தோடு ஓவியத் திரையிலும் வரை என்று அவர் தூண்டியதன் பலனை அந்தக் காலத்துப் படங்களில் காணலாம். உருவத்தைச் சுற்றி வேலி அடித்ததுபோலக் கனத்த கறுப்புக் கோடு ஓடுகிறது. 1994இல் கொலோன் நகரத்தில் குடியேறிய பிறகு அந்த வேலி மெலிய ஆரம்பித்தது. பின்புலத்தில் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. வெளிர்நிறப் பரப்பு அகன்றது. ஊர் மொழி பிடிபடாமல் மறுபடியும் தனித்துப்போன அந்த ஆண்டுகளில்தான், உலகம் இன்று 'நாரா சிறுமி' என்று அடையாளம் சொல்லும் உருவம் திரண்டு வந்தது.

அந்தக் காலத்தின் உச்சம் 2000இல் வரைந்த 'முதுகுக்குப் பின்னால் கத்தி'. ஏழரை அடிக்கும் மேல் உயரம். சிவப்புக் கவுன், அதன்மேல் பள்ளிப் பிள்ளைக்குரிய ஒழுங்கான வெள்ளைக் கழுத்துப்பட்டி. மூக்கு என்பது இரண்டு புள்ளிகள். வாய் ஒரு கோடு, அதுவும் அழுத்தி மூடிய கோடு. ஒரு கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. கத்தி எங்கும் வரையப்படவில்லை. தலைப்பில் மட்டும் இருக்கிறது. ஓவியர் தூரிகையால் செய்யாததைத் தலைப்பு செய்துவிடுகிறது. தலைப்பைப் படிக்காமல் பார்த்தவருக்கு அது கோபித்துக்கொண்ட குழந்தை; படித்துவிட்டுப் பார்த்தவருக்கு அந்த மறைந்த கை படத்திலேயே அதிகம் தெரியும் உறுப்பு. 2019 அக்டோபரில் ஹாங்காங் சதபீஸ் ஏலத்தில் இந்தப் படம் 19.57 கோடி ஹாங்காங் டாலருக்குப் போயிற்று. சந்தைக்கு நாராவின் கோபம் பிடித்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய நாரா. 2011 மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வெடிப்புகள் நேர்ந்தன. அவருடைய பட்டறை இருக்கும் தோச்சிகி மாகாணம் ஃபுகுஷிமாவை ஒட்டியது. பிறந்த அவோமோரியும் அந்த வடகிழக்கைச் சேர்ந்ததுதான். அவருக்குத் தூரிகை ஓடவில்லை. தான் படித்த ஐச்சி பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய் மாணவர்களுக்கு நடுவில் களிமண்ணைக் கையில் எடுத்தார். கருவி எதுவும் இல்லாமல் வெறும் கையால் பெரிய பெரிய தலைகளைப் பிசைந்தார். பிறகு அவற்றை வெண்கலத்தில் வார்த்தார்கள். அந்தச் சிறுமியின் கன்னத்தில் விரல் அழுந்திய பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. முன்பு அவர் கண்ணாடியிழையில் செய்த சிற்பங்கள் வழவழவென்று பளபளத்தவை. இந்தத் தலைகளில் அந்த மெருகு இல்லை.

மறு ஆண்டு யோகோஹாமா கலை அருங்காட்சியகத்தில் அவர் காட்சிக்கு வைத்த படங்களில் 'மிஸ் ஸ்பிரிங்' என்பதைக் கவனியுங்கள். களிமண் கற்றுத்தந்த பொறுமை அதில் ஏறியிருக்கிறது. முன்பு ஒரே நிறமாக இருந்த முகப் பரப்பில் இப்போது நிறத்தின்மேல் நிறம், அதன்மேல் இன்னொன்று என்று மெல்லிய பூச்சுகள் படிந்திருக்கின்றன. கீழே உள்ளது மேலே உள்ளதைத் தாண்டி மினுங்குகிறது. சரிந்து இடுங்கியிருந்த கண்கள் வட்டமாகத் திறந்துவிட்டன. அவற்றில் ததும்புவது கண்ணீரா வெளிச்சமா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஓவியரும் தீர்மானிக்காமல் விட்டிருக்கிறார். நல்ல முடிவு.

2017இன் 'நள்ளிரவு உண்மை'யில் இந்த முறை முழுதாகக் கனிந்திருக்கிறது. கையில்லை, காலில்லை, கத்திக்கு இடமே இல்லை. மார்பளவு உருவம், நேர்முகம். இரண்டு கண்ணும் ஒரே நிறத்தில் இல்லை. அருகில் போனால் கருவிழி உடைந்து சிறுசிறு நிறத் தீற்றல்கள் ஆகிவிடும். எட்டி நின்றால் அவை கூடிப் பார்வையாகும். அந்தப் பார்வை நம்மைப் பார்க்கிறதா, நம்மைத் தாண்டிப் பார்க்கிறதா என்பதும் தெளிவில்லை. இன்னொரு மாற்றம் சட்டென்று பிடிபடாது. நாம் இப்போது குனிந்து பார்க்கவில்லை. ஏழரை அடி உயரத் திரையில் அந்த முகம் நம் முகத்தைவிடப் பல மடங்கு பெரிது. கருவிழி செருகி மேலே பார்க்க வேண்டிய தேவை அவளுக்குப் போய்விட்டது. 1991இல் அண்ணாந்து முறைத்தவள், 26 ஆண்டுகளில் நம்மைச் சின்னவர்களாக்கிவிட்டாள். வயது மட்டும் அவளுக்கு ஏறவில்லை.

கோபம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். அது கடித உறைகளின் பின்புறத்திலும் அட்டைத் துண்டுகளிலும் அவர் கிறுக்கும் சிறு சித்திரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1998இல் அணு ஆயுதமும் உலையும் வேண்டாம் என்ற பதாகையோடு ஒரு சிறுமியை வரைந்திருந்தார். 2012இல் டோக்கியோ வீதிகளில் போராடியவர்கள் அதை எடுத்துப் பிடித்துக்கொள்ள அவர் தாராளமாக விட்டார். அத்தனை கிறுக்கல்களும் தேறுமா என்றால் தேறாது. சிலவற்றில் எழுதியிருக்கும் கூச்சல் வாசகத்தை நீக்கினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். சாம்பல் கிண்ணம், பொம்மை, பனியன் என்று கடைச் சரக்காக வந்தவையும் சிறுமியின் முறைப்பைப் பாதி மழுங்கடித்திருக்கின்றன. அவோமோரி அருங்காட்சியகத்து வெள்ளை நாய்ச் சிலை மட்டும் விதிவிலக்கு. எட்டரை மீட்டர் உயரத்தில் தலை கவிழ்ந்து நிற்கும் அதன் உச்சியில் குளிர்காலத்தில் பனி தொப்பி போட்டுவிடும்.

நாராவின் பழைய படங்கள் அச்சில் பெரிதாக எதையும் இழப்பதில்லை; கோடு அச்சைத் தாங்கும். புதிய படங்கள் தாங்கா. கைப்பேசித் திரையில் 'நள்ளிரவு உண்மை'யைப் பார்த்துவிட்டு அழகான கண் என்று நகர்ந்துவிடாதீர்கள். 2024இல் பில்பாவோவிலும் 2025இல் லண்டனிலும் அவருடைய படைப்புகள் பெரிய அளவில் காட்சிக்கு வந்தன. ஜப்பானுக்குப் போக வாய்ப்பிருந்தால் தோச்சிகி மாகாணத்து நாசுஷியோபாராவில் 2018இல் அவரே திறந்த 'என்'ஸ் யார்ட்' என்ற காட்சிக்கூடம் இருக்கிறது. எங்கே பார்க்கக் கிடைத்தாலும் முதலில் கண்ணருகே போய் நிறங்களை எண்ணிப் பாருங்கள்; பிறகு பத்தடி பின்னால் வந்து நில்லுங்கள்.