வரமும் வதமும்: நாஞ்சில் நாட்டுக் கலைகளில் கடைசிச் சண்டை

விஜயதசமி அன்று கன்னியாகுமரி பகவதி அம்மன் வெள்ளிக் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போகிறாள். அங்கே அம்பு எய்து பாணாசுரனை வதம் செய்யும் சடங்கு வெகு சீக்கிரம் முடிந்துவிடும். வெயிலில் ஊர்வலத்தோடு நடந்து வந்த கூட்டம் அந்தச் சிறு பொழுதில் மனம் நிறைந்து திரும்புகிறது. சண்டையின் பெரும்பகுதி அம்பு எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். கன்னி கையால் அன்றித் தனக்குச் சாவில்லை என்று பாணாசுரன் வரம் வாங்கியிருக்கிறான். சுசீந்திரத்து இறைவனோ கன்னியான அம்மனை மணக்கப் புறப்பட்டுவிட்டார். தாலி ஏறினால் அசுரனைக் கொல்ல உலகில் ஆளில்லை. நாரதர் சேவலாகக் கூவினார். முகூர்த்தம் தப்பியதென்று மாப்பிள்ளை வழுக்கம்பாறையிலிருந்து திரும்பினார். கல்யாணத்துக்கு வைத்த அரிசியெல்லாம் குமரிக் கடற்கரை மணலாகிப்போனது என்று கதை. அசுரனைக் கொல்ல அம்மன் கொடுத்த விலை அவள் கல்யாணம்.

கடைசிச் சண்டை ஒன்றை மறக்க முடியாததாக்குவது எது என்ற கேள்விக்கு நான் இந்த மண்ணிலேயே பதில் தேடுகிறேன். எதிரியின் உடல் பலத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் சண்டை நீளும், சுவை கூடாது. அவன் பெற்ற வரம் எதிர்த்து நிற்பவரின் வழியையே மாற்ற வேண்டும். அதுவரை கைகொடுத்த வித்தை அவனிடம் பலிக்காமல் போக வேண்டும். நம் கலைகள் இதை வெவ்வேறு விதமாகச் செய்திருக்கின்றன.

தோல்பாவைக்கூத்தில் இது மிகத் துலக்கமாகத் தெரியும். நம் மாவட்டத்தில் இந்தக் கலையைக் காத்து வந்தவர்கள் மராத்தி பேசும் ராவ் குடும்பத்தினர். ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் குடும்பத்தினரோடு பழகி விரிவாக எழுதியிருக்கிறார். ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயமிட்ட பாவைகளை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டு, எல்லாப் பாத்திரத்துக்கும் ஒருவரே குரல் கொடுக்கும் கலை அது. இராமாயணம்தான் முதன்மைக் கதை. கூட்டம் ராவண வதத்துக்கும் பட்டாபிஷேகத்துக்கும் வரும் என்றாலும், போர்க்கலை என்று பார்த்தால் என் தீர்ப்பு மயில்ராவணன் கதைக்கே.

அந்தக் கதையின் கட்டுமானத்தைப் பாருங்கள். அனுமன் வாலால் கோட்டை கட்டி ராமலட்சுமணரைக் காக்கிறான். பாதாளத்து அரக்கன் மயில்ராவணன் மோதவில்லை, விபீஷணன் வேடத்தில் உள்ளே நுழைந்து இருவரையும் தூக்கிக்கொண்டு பாதாளம் போய்விடுகிறான். காளிக்குப் பலியிடக் குறித்த வேளைக்குள் அனுமன் போய்ச் சேர வேண்டும். வாசலில் காவலுக்கு மச்சகர்ப்பன். அடித்தாலும் சாயாத அந்தக் காவலன் தன் வியர்வையில் பிறந்த மகன் என்று தெரிந்ததும் அனுமன் கை தளர்கிறது. உள்ளே போய் மயில்ராவணனை வெட்டினால் துண்டுகள் ஒட்டிக்கொண்டு எழுகின்றன. அவன் உயிர் உடம்பில் இல்லை, வண்டுகளாக வேறோரிடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. சொல்பவர் இல்லாமல் அந்த ரகசியம் தெரியாது. அதைச் சொல்பவள் அவன் குடும்பத்திலிருந்தே வருகிறாள். மலையைப் பெயர்த்த புயத்துக்கு இங்கே வேலை குறைவு. விசாரிக்க வேண்டும், உறவு பிடிக்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். வெட்டுண்ட பாவை திரையில் மறுபடி நிமிரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் போடும் கூச்சலில் பயமும் இருக்கும், அடுத்து என்ன செய்வான் என்ற கணக்கும் இருக்கும். இந்திரஜித்து கதையும் இந்த வகைதான்: நிகும்பலை யாகம் முடிந்துவிட்டால் அவனை வெல்ல முடியாது, ஆகவே முதலில் யாகத்தைக் கெடுக்க வேண்டும்.

வில்லுப்பாட்டின் வழி வேறு. அங்கே பெரும்பாலும் செத்துப்போகிறவன்தான் சாமி. ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்ட நூலில், தெய்வப் பிறப்புக் கதைகளையும் மனிதர் கொலையுண்டு தெய்வமான கதைகளையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகையில்தான் சண்டை உச்சம் பெறுகிறது. முத்துப்பட்டன் கதையில் நாயகன் மாடு கவர வந்தவர்களை எதிர்த்து வெற்றியும் பெற்றுவிடுகிறான். அதற்குப் பிறகு ஒளிந்திருந்த ஒருவன் கையால் வஞ்சகமாகச் சாகிறான். சண்டை முடிந்தது என்று கேட்பவர் மூச்சு விட்ட இடத்தில் கதை திரும்புகிறது. அந்த இடம் நெருங்கும்போது வில்லில் அடிக்கும் வீசுகோல் வேகம் பிடிக்கும், உடுக்கையும் குடமும் ஏறும், கோமரத்தாடிக்குச் சாமி வரும். நல்ல புலவர் அப்போது கதையை ஓட்டிவிட மாட்டார். சாமி ஆடி அடங்கும்வரை அதே இடத்தில் நின்று பாடுவார். எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் ஒரு புலவரை மற்றவரிடமிருந்து பிரித்துப் பார்க்கிறேன்.

இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்ற கதைப்பாடல் இன்னும் கடினமான மாதிரி. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையை வேணாட்டுத் தளபதி எதிர்கொண்ட கணியாகுளம், நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர்தான். தாயும் மனைவியும் கெட்ட கனவு கண்டு தடுக்கிறார்கள். கூட நிற்க வேண்டியவர்கள் கைவிடுகிறார்கள். தோற்பான் என்று கேட்பவருக்கு முதலிலேயே தெரியும், அப்படியும் யாரும் எழுந்து போவதில்லை. வெல்வானா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எப்படி நிற்பான் என்ற கேள்வியை வைத்த கதை அது.

பழைய திருவிதாங்கூரின் சொத்தாக இங்கே வந்த கதகளியையும் சொல்லாமல் விடக் கூடாது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் விழாவில் அது ஆடப்பட்டு வருகிறது. இரையிம்மன் தம்பியின் ‘கீசகவதம்’, கார்த்திகைத் திருநாள் மன்னரின் ‘நரகாசுரவதம்’ என்று ஆட்டக்கதைகள் பல, சாகிறவன் பெயரையே தாங்கி நிற்கின்றன. எதிர்நாயகனான கத்தி வேடக்காரன் திரைக்கு மேல் முகம் காட்டும் திரநோக்கிலிருந்து அவனுக்குக் கிடைக்கும் நேரமும் மரியாதையும் பெரிது. காதலும் கர்வமும் உள்ள அரசனாக அவனை நெடுநேரம் பார்த்த பிறகு விழும் அடிக்குக் கனம் இருக்கிறது. எதிரிக்கு முகம் கொடுப்பதில் கதகளிக்கு நிகர் நம் பக்கத்தில் வேறில்லை.

இப்போது கணினியிலும் செல்பேசியிலும் இதே சோதனை நடக்கிறது. களத்தில் ஆளை நகர்த்தி, முறை வைத்து மோதும் வியூகப் போர் விளையாட்டுகள் 1990-ல் ஜப்பானில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம்’ தொடங்கி ஒரு தனி மரபாகவே வளர்ந்துவிட்டன. அவற்றில் கட்டக் கடைசியில் நிற்கும் தலைவனை ‘பாஸ்’ என்கிறார்கள். 1997-ன் ‘ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்’ விளையாட்டில் வீக்ராஃப் என்ற வீரன் நாயகனைத் தனியாக இழுத்து மோத வைக்கிறான். துணைக்கு ஆள் வைத்தே ஜெயித்துப் பழகியவர்கள் அங்கே தடுமாறுவார்கள். தாக்குப்பிடித்தால் அவன் பேயுருவெடுத்து மறுபடி வருகிறான். 2023-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’-ல் கிரிம் என்ற உலோகப் பூதத்தை வாளால் வெட்டிப் பயனில்லை. எரிகுழம்பில் நிற்க வைத்துப் பழுக்கச் செய்து, உலைக்களத்துப் பெருஞ்சம்மட்டிக்கு அடியில் வரவழைத்து அடிக்க வேண்டும். மயில்ராவணனின் வண்டுகளை அறிந்த நமக்கு இது அயலூர்ச் சரக்கே இல்லை.

இவற்றையெல்லாம் வைத்து நான் கேட்பது சில கேள்விகள்தான். வரத்தில் உள்ள இடைவெளி முன்கூட்டியே கேட்பவர் காதில் விழுந்ததா? கடைசி நிமிடத்தில் திடீரென்று சொன்னால் அது ஏமாற்று. இடத்துக்கும் நேரத்துக்கும் சண்டையில் வேலை உண்டா? வென்றவர் எதையாவது இழந்தாரா? மூன்றாவதில்தான் பெரும்பாலான விளையாட்டுகள் தேறுவதில்லை. பாஸ் விழுந்ததும் பொற்காசும் புது வாளும் கைக்கு வருகின்றன; கையிலிருந்து போனது ஒன்றும் இல்லை.

நம் பக்கத்துக் குறை வேறு. இராக்காலம் முழுக்க நடந்த கூத்தையும் பாட்டையும் இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தரும்படி கேட்கிறார்கள். அப்படிச் சுருக்கும்போது கலைஞர்கள் வதத்தை வைத்துக்கொண்டு வரத்தை வெட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் கூட்டம் வதத்துக்குத்தான் வருகிறது. மச்சகர்ப்பன் போய்விட்டால் மயில்ராவணன் சாவு வெறும் வெட்டுக்குத்து. கோயில் கொடை விழா நடத்தும் ஊர்க் கமிட்டிகளுக்கு என் வேண்டுகோள் இது: நேரம் குறைவென்றால் கதையைச் சிறிதாகக் கேளுங்கள், பெரிய கதையை நறுக்கச் சொல்லாதீர்கள். நாகர்கோவிலில் கணினி படித்துவிட்டு விளையாட்டு உருவாக்க நினைக்கும் பிள்ளைகளை யாராவது ஒரு பாவைக்கூத்துக் கலைஞரிடம் அழைத்துப் போய், மயில்ராவணன் கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வையுங்கள்.