வரி உயராத வீடுகள்

அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்த ‘பூமர்’ தலைமுறையின் மீது ஒரு நிரந்தரப் புகார் உண்டு: தாங்கள் வசதியாக வாழ்ந்துவிட்டுச் சுமையைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்குச் சாட்சியாக அடிக்கடி இழுக்கப்படுவது கலிபோர்னியாவின் சொத்து வரிச் சட்டம்.

‘13ஆம் முன்மொழிவு’ என்ற அந்தச் சட்டத்தை 1978 ஜூனில் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். வரி, பொதுவாக, வீட்டு மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த மதிப்பையும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. எழுபதுகளில் வீட்டு விலை எகிற, வரியும் கூடவே ஏறியது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளியவர்கள், வரி கட்ட முடியாமல் சொந்த வீட்டையே விற்க நேருமோ என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

இன்னொன்று: அந்த வாக்கெடுப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திய ஹோவர்ட் ஜார்விஸ் 1903இல் பிறந்தவர். பூமர்களில் மூத்தவருக்கே அப்போது வயது 32தான்.

நடைமுறையில் என்ன ஆயிற்று? லாஸ் ஏஞ்சலிசில் ஒரு பெண் 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். வரி சுமார் 1,700 டாலர். அதே வட்டாரத்தில், அதே போன்ற வீடுகளில் முன்பே குடியிருந்தவர்கள் கட்டியது ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு. அவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பெரும் கோடீஸ்வர முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2003இல் தன் கணக்கையே போட்டுடைத்தார். வேறு மாநிலத்தில் உள்ள ஒமாகாவில் 5 லட்சம் டாலர் வீட்டுக்கு அவர் கட்டிய வரி 14,401 டாலர்; கலிபோர்னியாவில் 40 லட்சம் டாலர் வீட்டுக்கு வெறும் 2,264. அவரைக் காப்பாற்றவா சட்டம் வந்தது?

சுயநலம் என்ற குற்றச்சாட்டு உண்மையில் ஒட்டுவது 1986இல். பெற்றோரின் வீட்டோடு பழைய வரி மதிப்பும் பிள்ளைகளுக்கே போகும் என்ற திருத்தத்தை வாக்காளர்கள் அப்போது நிறைவேற்றினார்கள். பூமர்கள் எல்லோருமே அதற்குள் வாக்களிக்கும் வயதை எட்டியிருந்தார்கள். பிள்ளை அங்கே குடியிருக்க வேண்டியதுகூட இருக்கவில்லை, வாடகைக்கு விட முடிந்தது. முதியவருக்கான பாதுகாப்பு குடும்பச் சொத்தாயிற்று. வாடகை வீட்டிலேயே முதுமையடைந்த பூமருக்கு இதில் என்ன கிடைத்தது? வீடு உள்ள குடும்பம், இல்லாத குடும்பம் என்ற பிளவை வயதுக் கணக்கு மூடிமறைக்கிறது.

வாரிசு அந்த வீட்டில் குடியிருந்தால்தான் சலுகை என்று 2020இல் கட்டுப்பாடு வந்தது. அதே தேர்தலில், பெரிய வணிகச் சொத்துகளுக்காவது சந்தை மதிப்பில் வரி போடலாம் என்ற முன்மொழிவு சிறு வித்தியாசத்தில் தோற்றது. அதில் வாக்களித்தவர்களில் 1978க்குப் பிறகு பிறந்தவர்களும் ஏராளம்.