நிலை விட்டு இறங்கும் கதவு

கல்வராயன் மலையடிவாரத்துச் சங்கராபுரத்திலும் இன்று குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் சாதாரண வீட்டுப் பொருள்கள்தான். வாசல் நிலைகளோ பழைய அளவிலேயே நிற்கின்றன. இரண்டரை அடி வழி என்றால் 76 சென்டிமீட்டர். திறந்து நிற்கும் கதவின் கனமே அதில் மூன்று, நான்கு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். 70 சென்டிமீட்டர் பெட்டிக்கு அந்த இடம்தான் உயிர். தூக்குகிறவர் விரலும் அதில்தான் நுழைய வேண்டும். ஆகவே பெட்டியை உள்ளே கொண்டுவர வீட்டுக் கதவைக் கழற்றுவதை வீண் வேலை என்று நான் ஒப்பமாட்டேன்.

பெட்டியின் கதவையே கழற்றலாமே என்பார்கள். சில பெட்டிகளில் கீல் வழியாக மின்கம்பி ஓடுகிறது. ரப்பர் பட்டை சரியாகப் படியாவிட்டால் குளிர் கசியும். வீட்டுக் கதவில் இருப்பதோ மரமும் திருகாணியும்தான். திருகாணி தளர்ந்துபோகும் என்ற அச்சம் நியாயமானது. துளையில் பசை தடவிய மரச்சீவலைச் செருகி முறுக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதில் நான் வியப்பது கழற்றும் வரிசையை. முதலில் அடியில் ஆப்பு வைத்துக் கனத்தைத் தாங்க வேண்டும். பிறகு கீழ்க் கீல், கடைசியில் மேல் கீல். மேலதை முதலில் விட்டால் கதவு சாய்ந்து கீழ்க் கீலின் மரத்தைப் பிளக்கும். மாட்டும்போது மேல் கீல்தான் முதலில். ஒருவர் கதவைப் பிடிக்க, ஒருவர் திருப்புளி பிடித்தால் போதும். தனியாக மட்டும் இறங்காதீர்கள்.