சிஎஸ்எஸ்நானோ: சுருக்கத்தின் லாபமும் மூலத்தின் மதிப்பும்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்வோர் அனைவரும் அறிந்த விஷயம், களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்பது. ஆகவே பொம்மையானாலும் மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரானாலும், வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே மாதிரியைச் செய்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்செடுத்து, அந்த மாதிரியைப் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள். வெந்த பீங்கான் மறுபடி களிமண் ஆவதில்லை. இணையதளத்தின் தோற்றத்தை நிர்ணயிக்கும் சிஎஸ்எஸ் கோப்பைச் சுருக்கும் சாதனங்களைப் பரீட்சித்தபோது, இதே நியதி அங்கும் செல்லுபடியாவதைக் கண்டேன்.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது, இவ்வூரில் அகல் விளக்கும் பொம்மையும் விற்கும் சிறு கடை ஒன்றின் இணையதளக் கோப்பு. சாதனம், போஸ்ட்சிஎஸ்எஸ் என்னும் கருவியின் துணையோடு இயங்கும் சிஎஸ்எஸ்நானோ. ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடுகிறது. வரிகளுக்கிடையே உள்ள வெற்றிடங்கள் மறைகின்றன, வெண்ணிறத்தைக் குறிக்கும் ஆறு எஃப் எழுத்துகள் மூன்றாகின்றன, 0.5 என்பது .5 ஆகிறது, 0 பிக்சல் என்றிருந்தால், பிக்சல் போய் 0 மட்டும் மிஞ்சுகிறது, ஒரே விதி இரு இடங்களில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தால் அவை ஒன்றாகின்றன. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட லைட்னிங் சிஎஸ்எஸ் என்ற சாதனத்தையும் உடன் வைத்துப் பார்த்தேன். அதன் வேகம் பிரசித்தமானது, ஆயினும் சிறு கடையின் ஒற்றைக் கோப்புக்கு அந்த வேகத்தால் விசேஷப் பிரயோஜனம் ஏதும் தெரியவில்லை.

மறைவனவற்றுள் நம் கவனத்துக்குரியது, கோப்பை எழுதியவர் இடையிடையே எழுதிவைக்கும் குறிப்புரை. இந்தக் கடையின் கோப்பில், விளக்குகளின் பகுதிக்கு மேலே, கார்த்திகை தீபம் முடிந்ததும் இதை நீக்குக என்று தமிழிலேயே எழுதியிருந்தது. தமிழ் எழுத்துக்குக் கணினியில் இடம் அதிகம்: யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில், உயிரும் மெய்யும் சேர்ந்த எழுத்தின் ஒவ்வொரு கூறுக்கும் மூன்று பைட்டுகள் ஆவதால், 'அகல் விளக்கு' என்னும் ஏழெழுத்துச் சொற்றொடர் நடுவிலுள்ள இடைவெளியோடு சேர்ந்து 34 பைட்டுகளைப் பிடிக்கிறது. எனவே தமிழில் குறிப்பெழுதினால் கோப்பு கனத்துவிடும் என்று அஞ்சி, பலர் குறிப்பே எழுதாமல் விடுகின்றனர். அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. வாசகருடைய பிரௌசருக்குப் போகும் பிரதியிலிருந்து சிஎஸ்எஸ்நானோ அவற்றை முழுவதும் நீக்கிவிடுகிறது. ஆச்சரியக்குறியோடு தொடங்கும் உரிமக் குறிப்புகளை மட்டும் அது விட்டுவைக்கிறது. தாராளமாக, விரிவாக, தாய்மொழியிலேயே எழுதலாம்.

சுருக்கத்தால் விளையும் லாபம் எவ்வளவு என்பதில் மிகையான நம்பிக்கை நிலவுகிறது. பூட்ஸ்ட்ராப் என்னும் ஆயத்தத் தொகுப்பின் 3.3.7 பதிப்பிலுள்ள ஸ்டைல்ஷீட், அதாவது சிஎஸ்எஸ் கோப்பு, விரித்த வடிவில் சுமார் 146 ஆயிரம் பைட்டுகள், சுருக்கிய வடிவில் சுமார் 121 ஆயிரம் பைட்டுகள். ஆனால் சர்வரில் ஜிஸிப் என்னும் அமுக்கு முறையை இயக்கிவிட்டால், 121 ஆயிரம் என்பது ஏறக்குறைய 20 ஆயிரமாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் வெற்றிடங்களையும் சொற்களையும் முன்பு வந்த இடத்தைச் சுட்டிக்காட்டியே ஜிஸிப் அடக்கிவிடுகிறபடியால், விரித்த கோப்புக்கும் சுருக்கிய கோப்புக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப்பின் சொற்பமே. 2016ஆம் ஆண்டில் தர நிர்ணயம் பெற்ற பிராட்லி முறை இன்னும் திறமையானது. ஆகவே ஜிஸிப்பையோ பிராட்லியையோ இயக்காமல் சிஎஸ்எஸ்நானோவை மட்டும் ஓட்டித் திருப்தியடைவது முறையன்று. கேமராவிலிருந்து வந்தபடியே ஏற்றப்பட்ட ஒரு பொம்மைப் படத்தைச் சிறிதாக்கினால், ஸ்டைல்ஷீட் முழுவதையும் அழித்தாலும் கிட்டாத மிச்சம் கிட்டும். எனினும் ஸ்டைல்ஷீட் வந்து சேரும்வரை பிரௌசர் பக்கத்தை வரையாமல் காத்திருக்கும் ஸ்வபாவமுடையது. பலவீனமான சிக்னலில் கைப்பேசியை வைத்துக்கொண்டு விலை பார்க்கும் வியாபாரிக்குச் சில ஆயிரம் பைட்டுகளும் உபகாரமே என்பதனால், சுருக்கத்தை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

எச்சரிக்கை ஒன்று அவசியம். சிஎஸ்எஸ்நானோவில் இயல்பான அமைப்பும் 'அட்வான்ஸ்டு' என்ற தீவிர அமைப்பும் உள்ளன. தீவிர அமைப்பு, எது எதற்கு மேலே தெரியவேண்டும் என்பதைக் குறிக்கும் ஸீ-இன்டெக்ஸ் எண்களைக்கூட மாற்றிவிடும். 10, 1000 என்று எழுதியிருந்தால் 1, 2 என்றாக்கும். எல்லா விதிகளும் ஒரே கோப்பில் இருந்தால் பாதகமில்லை. வேறொரு கோப்பிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 100 என்று ஓர் எண் இருந்தால், பெரிதாகத் திறக்கவேண்டிய பொம்மைப் படம் வேறொன்றின் பின்னே ஒளிந்துகொள்ளும். சில எழுத்து மிச்சத்துக்கு இந்த அபாயம் தகாது.

1994இல் ஹோகான் வியூம் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி அங்கீகரித்த சிஎஸ்எஸ், நிறம், ஓரம், எழுத்துரு என்று மனிதர் படித்தறியக்கூடிய சொற்களாலேயே ஆனது. அந்தத் தெளிவினால்தான் சிற்றூர்களிலும் இளைஞர்கள் தாமாகவே கற்றுக்கொண்டு தளம் அமைக்கிறார்கள். சுருக்கும்போது அந்தத் தெளிவு போய்விடுகிறது. சுருங்கிய கோப்பை மறுபடி வரிவரியாகப் பிரித்துத் தரும் பிரிட்டியர் போன்ற சாதனங்கள் இருக்கவே இருக்கின்றன என்று சிலர் சமாதானம் சொல்லலாம்; அவை வரிகளைத் திருப்பித் தரும், குறிப்புரையைத் தரமாட்டா. கார்த்திகை முடிந்ததும் நீக்கவேண்டிய பகுதி எது என்பது அடுத்து வருபவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே மூலக் கோப்பைப் பத்திரப்படுத்த வேண்டும். அதோடு சோர்ஸ் மேப் என்னும் துணைக்கோப்பையும் உண்டாக்கி வைத்தால், பிழை தேடும்போது சுருங்கிய கோப்பிலிருந்து மூலத்தின் சரியான வரிக்கே போய்விடலாம்.

என் அபிப்பிராயம்: இயல்பான அமைப்பில் சிஎஸ்எஸ்நானோ நம்பத்தகுந்த, இலவசமான, சிறு தளங்களுக்குப் போதுமான சாதனம். ஆனால் இணையதளம் செய்து வாங்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தளத்தை அமைத்தவர் சுருக்கிய கோப்பை மட்டும் சர்வரில் ஏற்றிவிட்டுப் போய்விட்டால், பின்னொரு நாள் விலைப்பட்டியலின் நிறத்தை மாற்றுவதற்குக்கூட வழியின்றித் திகைக்க நேரிடும். ஆகையால் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன், குறிப்புரைகளோடு கூடிய மூலக் கோப்பைத் தனியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.