மிச்சம் யாருக்கு?

புன்னக்காயலில் வள்ளம் கரையேறியதும் மீன் ஏலம் போகும். எண்ணெய்ச் செலவு, ஐஸ் செலவு கழித்து மிச்சத்தைப் பங்கு வைப்பார்கள். கைதேர்ந்த ஆள் ஒருத்தருக்குக் கூடக் கொடுத்தால், அது மற்றவர் மடியிலிருந்துதான் வரணும். ஹாக்கி இந்தியா லீக் ஏலமும் அப்படித்தான்.

2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் ஆண்கள் அணிக்குத் தலா 4 கோடி ரூபாய் உச்சவரம்பு. அதற்குள் 24 பேரை எடுக்கணும். பணக்கார முதலாளி ஒருவரே நட்சத்திரங்களை வாரிக்கொண்டு போகக் கூடாதல்லவா? நல்ல ஏற்பாடுதான். சூர்மா அணி ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சத்துக்கு எடுத்தது. கழித்துப் பாருங்கள். பாக்கி 23 பேருக்குத் தலைக்கு 14 லட்சம்.

நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ்? நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54, அமித் ரோஹிதாஸுக்கு 48, அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32. மூன்று பேருக்கே பணப்பையில் மூன்றில் ஒரு பங்கு காலி! மூவரும் தடுப்பவர்கள். என்னைக் கேட்டால் புத்திசாலித்தனமான செலவு. யான்சன் பின்னால் நின்று தடுப்பார், பெனால்டி கார்னரில் கோலும் அடிப்பார். ஒரு சம்பளத்துக்கு ரெண்டு வேலை. 2025-ல் அரையிறுதியில் பெங்கால் அணியிடம் ஷூட்-அவுட்டில் தோற்று நாலாவது இடம்தான் கிடைத்தது. அதற்கு ஏலம் எடுத்தவரைத் திட்டி என்ன பண்ண?

உச்சவரம்பு என்று வந்தாலே அதில் ஓட்டை தேடுவதும் வரும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இதில் கில்லாடிகள். 2010-ல் நியூஜெர்சி டெவில்ஸ், இலியா கோவல்சுக்குடன் 17 வருஷ ஒப்பந்தம் போட்டது. 10.2 கோடி டாலர். ஆனால் கடைசி வருஷங்களில் சம்பளம் வெறும் ஐந்தரை லட்சம்! உச்சவரம்புக்கு வருஷச் சராசரிதான் கணக்கு என்பதால், வாலை நீட்டினால் தலை சின்னதாகத் தெரியும். லீக் அதை ரத்து செய்தது, அபராதமும் போட்டது.

என் குறை வேறு. மேலே கூரை போட்டவர்கள் கீழே தரையை மறந்துவிட்டார்கள். அந்த ஏலத்தில் அடிப்படை விலை 2 லட்சத்தில் ஆரம்பித்தது. அணிக்கு 4 ஜூனியர்கள் கட்டாயம் என்று இருந்தது, சரி. ஆனால் புன்னக்காயல் இருக்கிற அதே தூத்துக்குடி மாவட்டத்தில், ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் மட்டை பிடிக்கிற பையன் பேர் கடைசியில் வாசிக்கப்பட்டால், பையில் மிஞ்சியிருப்பதுதான் அவன் விலை. அந்த நாலு பேருக்கென்று 40 லட்சத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஏலத்தை ஆரம்பிக்கட்டுமே. 78 லட்சம் 70 ஆகும். ஹர்மன்பிரீத்துக்குப் பெரிசா ஒண்ணும் குறைஞ்சிடாது.