நாணமும் படைப்பும்: டார்வினின் நூலொன்றைப் பற்றிய மதிப்பீடு

மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதத்தைக் குறித்துச் சார்லஸ் டார்வின் 1872-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய 1859-ஆம் ஆண்டு நூலைப் பற்றியே வாதாடிப் பழகிய நாம் இந்நூலை அரிதாகவே வாசிக்கிறோம். ஆயினும் நமது பிரசங்கங்களை நேராகச் சோதிப்பது இப்பிந்திய நூலே.

அச்சத்திலும் குளிரிலும் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. மயிர்க்கால்களைச் சார்ந்த நுண்தசைகள் சுருங்குவதே இதன் காரணம். அடர்ந்த உரோமமுள்ள விலங்கை இச்செயல் குளிரினின்று காக்கிறது. பகைவனுக்கு முன் பெரிதாகவும் காட்டுகிறது. உரோமம் குறைந்த மனிதனிடத்தில் தசை எஞ்சியது. பயனோ பெரும்பாலும் அற்றுப்போயிற்று. எலிப்பாஸ் தன் இராத்தரிசனத்தை விவரிக்கையில் (யோபு 4:15) கூறுவதும் இதனையே. இதன் பூர்வீகத்தை நாம் அறிந்ததால் அவன் அடைந்த திகில் பொய்யாகிவிடாது.

நாணத்தால் முகம் சிவத்தலைப் பற்றிய அதிகாரமே நூலின் சிறந்த பகுதி. உள்ளத்தின் குற்றவுணர்வு கன்னத்தில் வெளிப்படும்படி சிருஷ்டிகர் இதனை அமைத்தார் என்று தாமஸ் பர்கெஸ் என்னும் மருத்துவர் 1839-இல் எழுதியிருந்தார். டார்வின் இதனை மறுக்கிறார். கூச்சமுள்ளவன் குற்றமின்றியும் முகம் சிவந்து வருந்துகிறானே. கருநிறத்தாரிடம் அச்சிவப்பு தெரிவதே அரிதாயிற்றே. அப்படியிருக்க அந்நோக்கம் எங்ஙனம் நிறைவேறும்? முகம் சிவக்க அறியாதவரை எப்படி நம்புவது என்னும் ஸ்பானியரின் ஏளனத்தை ஹம்போல்ட் மறுப்பின்றி எடுத்தெழுதியதையும் அவர் சுட்டுகிறார். 1867-இல் பல தேசங்களுக்கு அவர் வினாக்கள் அனுப்பினார். வந்த 36 விடைகளுள் மிஷனரிமார் எழுதியவையும் இருந்தன. கறுப்பினப் பெண்ணொருத்தியைக் கடிந்து பேசியபோதெல்லாம் அவள் முகத்திலிருந்த தழும்பு சிவந்ததைப் பர்கெஸே கண்டிருந்தார். ஆகவே நாணம் மனுக்குலம் முழுவதற்கும் பொது. வெண்தோலுக்கு மட்டும் உரிய நற்சான்று அன்று.

இவ்விடத்தில் நாணவேண்டியவர் நாமே. முகக்குறியே மனச்சாட்சியின் சாட்சி என்று நாமும் முன்னாட்களில் பிரசங்கித்ததுண்டு. ஓர் உறுப்பின் பயனைக் காட்டிக் கடவுளை நிரூபிக்க முற்படுகிறவன், அப்பயன் பொய்த்த நாளில் கேட்போரின் விசுவாசத்தையும் தடுமாறச் செய்கிறான்.

டார்வினிடத்தும் குறை உண்டு. பழக்கத்தால் பெற்றவை சந்ததிக்குக் கடத்தப்படும் என்று அவர் நம்பினார். நாணத்தை விளக்கவும் அதனையே துணைக்கொண்டார். இன்றைய மரபியல் அவ்விளக்கத்தை ஏற்பதில்லை. மேலும், இரத்தம் கன்னத்தில் ஏறும் வரலாற்றை அறிவியல் கூறலாம். எதற்காக நாணவேண்டும் என்பதை அது கூறாது. பிறர் நம்மை எவ்வாறு கருதுகின்றனர் என்னும் எண்ணமே நாணத்தின் ஊற்று என்று அவர் கண்டது ஆழ்ந்த உண்மை. எனினும் பிறர் பார்வைக்குக் கூசுவது வேறு. கடவுளின் சமுகத்தில் தன்னை அறிவது வேறு.

ஆகையால் சபை விசாரணையிலும் தனி ஆலோசனையிலும் ஒருவருடைய முகத்தை வாசித்து உள்ளத்தைத் தீர்க்கும் துணிவை ஆயர்கள் விட்டொழிக்கவேண்டும். உள்ளத்தைப் பார்க்கிறவர் ஒருவரே என்பதைச் சாமுவேலும் ஈசாயின் வீட்டிலே கற்கவேண்டியதாயிற்று (1 சாமுவேல் 16:7).