மெர்சி மெர்சி மீ (மார்வின் கே பாடல்)

'மெர்சி மெர்சி மீ (த எகாலஜி)' என்பது அமெரிக்கப் பாடகர் மார்வின் கே தாமே எழுதி, மெட்டமைத்துப் பாடிய பாடல். 1971 மே மாதம் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. அடுத்த மாதம் தனி இசைத்தட்டாகவும் வந்து, பில்போர்டு தரவரிசையில் 4ஆம் இடத்தை எட்டியது. அதுவரை பெரும்பாலும் காதல் பாடல்களால் அறியப்பட்டவர் மார்வின் கே.

தலைப்பின் அடைப்புக்குறிக்குள் 'சூழலியல்' என்ற சொல் இருக்கிறது. பாட்டுக்குள் அது ஓரிடத்திலும் இல்லை. நீலவானம் எங்கே போயிற்று என்ற ரீதியில் எளிய கேள்விகளாகவே பாடல் நகர்கிறது. காற்றில் நஞ்சு, கடலில் எண்ணெய், மீனில் பாதரசம், மண்ணுக்கடியிலும் வானத்திலும் கதிர்வீச்சு என்று கேடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

இவற்றுள் மீனும் பாதரசமும் தனியே கவனிக்கத்தக்கவை. மோட்டவுன் பிறந்த டெட்ராய்ட் நகரை ஒட்டி செயின்ட் கிளேர் ஏரி உள்ளது. குளோரின், காஸ்டிக் சோடா தயாரிக்கும் ஆலைகளின் கழிவால் அந்த ஏரி மீன்களில் பாதரசம் ஏறியிருப்பது 1970இல் தெரியவந்தது. அங்கு மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. எனவே அந்நகரத்தாருக்கு இவ்வரி கவிஞரின் கற்பனையாகப் பட்டிருக்காது, முந்திய ஆண்டின் நாளிதழ்ச் செய்தியாகவே கேட்டிருக்கும்.

பாடலின் பெருங்குறையும் இங்கேதான் இருக்கிறது. பூமியை வதைப்பவன் 'மனிதன்' என்று பொதுப்படையாகச் சொல்லி நின்றுவிடுகிறது. ஏரியில் கழிவை விட்டவனும், அந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்தவனும் ஒரே மனிதனா? ஆலை, அரசு, சட்டம் எதுவும் பாட்டில் இல்லை. இறைவனிடம் இரக்கம் கேட்பதோடு சரி. யாரையும் நோகடிக்காததால்தான் வானொலிகள் தயக்கமின்றி ஒலிபரப்பின என்றுகூடத் தோன்றுகிறது.

மெட்டோ மிக இனிமையானது. இடையில் வைல்ட் பில் மூர் வாசிக்கும் சாக்சபோன் அந்த இனிமையைக் கூட்டுகிறது. சொல்லைக் கவனிக்காமல் முணுமுணுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் முடிவில் மார்வின் கே அப்படி விடவில்லை. கடைசிச் சில நொடிகளில் இசை திடீரென இருள்கிறது; பாடும் குரல்களில் சொற்களே இல்லை, அச்சமூட்டும் முனகல் மட்டுமே. இசைத்தட்டின் முதற்பக்கமும் அதோடு முடிகிறது. எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடும்வரை அன்றைய ரசிகரின் காதில் நின்றது அந்த முனகல்தான்.